மோட்டாருக்கு டிபார்ட்மென்ட் தெரியாது

ஃபைனல் இயர் முடிக்கப்போகிற நண்பர்களிடம் "அடுத்து என்ன வேலைக்குப் போகப்போறே?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் "டிசைன்" என்பார். இன்னொருவர் "குவாலிட்டி" என்பார். "பேசாம கம்ப்யூட்டர் பக்கம் போயிடலாம்னு இருக்கேன்" என்பவர்களுக்குக் குறைவே இல்லை. "மெயின்டெனன்ஸ்" என்று வாய் திறந்து சொல்கிறவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அது நாமாகக் கேட்டு வாங்குகிற வேலையில்லை, வேறு எதுவும் கிடைக்காதபோது வந்து மாட்டுகிற வேலை என்று ஒரு நினைப்பு. கிரீஸ் கறை, சி ஷிப்ட், பண்டிகை நாளிலும் டியூட்டி... இதெல்லாம் பொய்யில்லை. தீபாவளிக்கு ஆலை நிற்கிறது என்றால் மெயின்டெனன்ஸ்காரனுக்கு அன்றைக்குத்தான் வேலை அதிகம்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. டிசைன் டிபார்ட்மென்ட் இல்லாத கம்பெனிகள் ஏராளம், டிராயிங் வாடிக்கையாளரிடமிருந்து வந்துவிடும். மெயின்டெனன்ஸ் இல்லாத ஆலை என்று ஒன்று கிடையாது. கோவை, திண்டுக்கல், ராஜபாளையம் பக்கம் நூற்பாலைகள் மூன்று ஷிப்டும் ஓடுகின்றன. அரியலூர் பக்கத்து சிமென்ட் ஆலைகளில் சூளை நின்று ஆறிவிட்டால் மறுபடி சூடேற்றி உற்பத்திக்குக் கொண்டுவர ஒரு நாள்கூட ஆகிவிடும். சர்க்கரை ஆலையில் அரவைப் பருவம் முடிந்ததும் மில்லை அக்கக்காகப் பிரித்துப்போட்டு அடுத்த பருவத்துக்குள் கோர்த்தாக வேண்டும். புகளூர் காகித ஆலை, நெய்வேலி சுரங்கம், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகள் மட்டுமா? பால் பண்ணை, பெரிய ஆஸ்பத்திரி, குடிநீரேற்று நிலையம், எல்லா இடத்திலும் மோட்டாரும் பம்பும் பேனலும் உண்டு. அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும்.

இந்த வேலைக்கு எப்படித் தயாராவது என்பதுதான் இங்கே பேச்சு. நான் சொல்ல வருவது முக்கியமாக ஒன்றுதான். நம்ம பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் தனி பிளாக், எலக்ட்ரிக்கல் தனி பிளாக். இரண்டுக்கும் நடுவில் ஒரு கேன்டீன். ஆலைக்குள் இருக்கிற மெஷினுக்கு இந்தப் பிரிவினை எதுவும் தெரியாது.

"உங்க சைடு, எங்க சைடு"

ராத்திரி மூன்று மணி. ஒரு கன்வேயர் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் 10 எச்.பி., 415 வோல்ட், ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர். ஓவர்லோட் ரிலே டிரிப் ஆகியிருக்கிறது. எலக்ட்ரீஷியன் வருகிறார். மெக்கர் போட்டுப் பார்க்கிறார். "அண்ணே, மோட்டார் நல்லாத்தான் இருக்கு. இது மெக்கானிக்கல் பிராப்ளம்" என்கிறார். பிட்டர் வருகிறார். பெல்ட்டைக் கையால் சுற்றிப் பார்க்கிறார். "சும்மா சுத்துதே! உங்க கரண்ட்தான் சரியில்ல" என்கிறார். இரண்டு பேரும் சொன்னது தப்பில்லை. மெஷின் மட்டும் ஓடவில்லை. கடைசியில் யாரோ ரீசெட் பட்டனை அமுக்குவார், ஓடும். அரை மணி கழித்து மறுபடி நிற்கும். மூன்றாவது தடவை ரிலேயின் செட்டிங்கைத் திருப்புளியால் கொஞ்சம் ஏற்றிவைப்பார்கள். விடியும்போது மோட்டார் புகைந்திருக்கும்.

இதே இடத்தில் இரண்டு பக்கமும் தெரிந்த ஒருவர் இருந்தால் என்ன செய்வார்?

முதலில் ஆபரேட்டரிடம் பேசுவார். ஸ்டார்ட் பண்ணும்போதே விழுகிறதா, பத்து நிமிஷம் ஓடி விழுகிறதா? லோடு ஏறினால் மட்டுமா, காலியாக ஓடும்போதுமா? நேற்று யாராவது பெல்ட் மாற்றினார்களா? இந்த நாலு கேள்விக்கு எந்த மீட்டரும் வேண்டாம். ஆனால் பாதிக் கதவுகளை மூடிவிடும். ஆபரேட்டர் அந்த மெஷின் பக்கத்திலேயே எட்டு மணி நேரம் நிற்கிறவர். சத்தம் மாறினால் நமக்கு முன்னால் அவருக்குத்தான் தெரியும். "டிப்ளமோ படிச்சவன் ஆபரேட்டரைக் கேக்கறதா?" என்கிற கௌரவத்தை கேட்டிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும்.

அடுத்தது டாங் டெஸ்டர். மூன்று பேஸிலும் கரண்ட் பார்க்க வேண்டும். 10 எச்.பி. மோட்டார் முழு லோடில் சுமார் 14 ஆம்பியர் எடுக்கும். சரியான எண் மோட்டாரின் நேம் பிளேட்டில் இருக்கும், அதையே நம்புங்கள். மூன்று பேஸும் சமமாக, ஆனால் அதிகமாக இருந்தால் மோட்டாருக்கு வெளியே ஏதோ பிடிக்கிறது, இல்லையென்றால் வோல்டேஜ் இறங்கியிருக்கிறது. பெல்ட் அளவுக்கு மீறி இறுக்கமாக இருக்கலாம், ரோலர் பேரிங் ஜாம் ஆகியிருக்கலாம், சரக்கு எங்காவது குவிந்திருக்கலாம். பெல்ட்டைக் கழற்றி மோட்டாரைத் தனியே ஓட்டிப் பார்த்தால் குறை எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். லோடு இல்லாமல் ஓடும்போது முழுக் கரண்டில் ஏறத்தாழ 30 முதல் 50 சதவீதம் காட்டினால் மோட்டார் மேல் சந்தேகம் வேண்டாம்.

இரண்டு பேஸில் அதிகம், ஒன்றில் பூஜ்யம் என்றால் சிங்கிள் பேஸிங். ஒரு ஃப்யூஸ் போயிருக்கும், அல்லது கான்டாக்டரின் ஒரு முனை கருகியிருக்கும், அல்லது ஒரு லக் லூசாக இருக்கும். ஓடிக்கொண்டிருக்கிற மோட்டார் ஒரு பேஸ் போனதும் உடனே நின்றுவிடாது. அதுதான் ஆபத்து. மீதி இரண்டு பேஸில் கரண்ட் ஏறத்தாழ 1.73 மடங்காகி உறுமிக்கொண்டே ஓடும், வைண்டிங் வேகும்.

மூன்றும் மூன்று மாதிரி இருந்தால் குறை சப்ளையிலா மோட்டாரிலா என்று பிரிக்க ஒரு பழைய வித்தை உண்டு. டி.ஓ.எல். ஸ்டார்ட்டரில் ஓடும் மூன்று ஒயர் மோட்டார் என்றால், மெயினை அணைத்துப் பூட்டிவிட்டு மோட்டாருக்குப் போகிற மூன்று ஒயர்களையும் ஒரே திசையில் ஒவ்வொரு இடம் தள்ளிக் கட்டுங்கள். மூன்றையும் தள்ளுவதால் சுற்றும் திசை மாறாது. மறுபடி ஓட்டும்போது அதிகக் கரண்ட் பழைய சப்ளை பேஸிலேயே இருந்தால் குறை லைனில். மோட்டாரின் ஒயரோடு சேர்ந்து இடம் மாறினால் குறை வைண்டிங்கில். சப்ளை வோல்டேஜில் ஒரு சதவீத ஏற்றத்தாழ்வு இருந்தாலே கரண்டில் அதைப்போல் 6 முதல் 10 மடங்கு ஏற்றத்தாழ்வு வரும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். கொஞ்சம்தானே என்று விட முடியாது.

கரண்ட் எல்லாம் சரி, ஆனாலும் ரிலே விழுகிறது என்றால்? அப்போது ரிலேயைப் பார்க்க வேண்டும். இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். வழக்கமான ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ஓவர்லோட் ரிலே லைனில் இருக்காது, டெல்டாவுக்கு உள்ளே வைண்டிங்கோடு சேர்ந்து இருக்கும். அதன் வழியாகப் போவது பேஸ் கரண்ட். அதாவது லைன் கரண்டில் 0.58 பங்கு. 14 ஆம்பியர் மோட்டாருக்கு ரிலேயை 8 ஆம்பியர் சுமாருக்குத்தான் வைக்க வேண்டும். நேம் பிளேட்டில் 14 என்று இருக்கிறது, அதனால் 14-ல் வைத்தேன் என்றால் அந்த மோட்டாருக்குப் பாதுகாப்பே இல்லை என்று அர்த்தம். டெல்டாவில் லைன் கரண்டும் பேஸ் கரண்டும் வேறு வேறு என்று செமஸ்டர் தேர்வில் டெரிவேஷன் எழுதி மார்க் வாங்கியவர்கள்தான் நாம். அந்தப் படம் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளே இருக்கிறது என்று யாரும் திறந்து காட்டாததால் அது வெறும் டெரிவேஷனாகவே நின்றுவிட்டது.

எரிந்த மோட்டாரும் பேசும். ரீவைண்டிங் கடைக்கு அனுப்புவதற்கு முன் எண்ட் கவரைக் கழற்றி வைண்டிங்கைப் பாருங்கள். எல்லா காயிலும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் ஓவர்லோட், இல்லையென்றால் காற்றோட்டம் இல்லை. வரிசையாகச் சில காயில்கள் கறுத்து, சில பளபளவென்று புதுசாக இருந்தால் சிங்கிள் பேஸிங். ஸ்டார் இணைப்பில் இரண்டு பேஸ் கருகி ஒன்று தப்பும். டெல்டாவில் ஒன்று கருகி இரண்டு தப்பும். இதைப் பார்க்காமல் மோட்டாரை ரீவைண்டிங் பண்ணிக் கொண்டுவந்து அதே ஸ்டார்ட்டரில் கட்டினால், அதே கருகிய கான்டாக்டர் புது வைண்டிங்கையும் சாப்பிடும். எத்தனை ஆலைகளில் ஒரே மோட்டார் வருஷத்துக்கு மூன்று தடவை கடைக்குப் போய் வருகிறது தெரியுமா! கடைக்காரருக்கு நல்ல வியாபாரம்.

எலக்ட்ரிக்கல்காரர்களுக்கு ஒரு பேரிங் பாடம்

டிரிபிள்-ஈ நண்பர்கள் பேரிங்கை மெக்கானிக்கல் சமாசாரம் என்று ஒதுக்குவார்கள். மோட்டார் கெட்டுப்போவதற்கு பேரிங் ஒரு பெரிய காரணம். ஆகவே தப்பிக்க முடியாது.

நம்பரைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 6205 என்றால் முதல் 6, டீப் குரூவ் பால் பேரிங் என்பதைச் சொல்கிறது. கடைசி இரண்டு இலக்கத்தை 5-ஆல் பெருக்கினால் உள்துளை. 05 ஐந்தால் 25 மில்லிமீட்டர். 6308 என்றால் 40 மில்லிமீட்டர். 04-லிருந்துதான் இந்தக் கணக்கு. 00, 01, 02, 03 என்பவை முறையே 10, 12, 15, 17 மில்லிமீட்டர். பின்னால் இசட்.இசட். என்றிருந்தால் இரண்டு பக்கமும் தகரக் கவசம். சி3 என்றிருந்தால் உள்ளே இடைவெளி வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம். சூடாகி விரிகிற மோட்டாருக்கு அது வேண்டியிருக்கும். ஸ்டோரில் சி3 இல்லை, சாதாரணம்தான் இருக்கிறது, "ரெண்டும் ஒண்ணுதான் தம்பி" என்று நீட்டினால் வாங்காதீர்கள்.

மாட்டும்போது ஒரே விதி: எந்த வளையம் இறுக்கமாக உட்காருகிறதோ, அந்த வளையத்தில்தான் அடி விழ வேண்டும். ஷாப்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் பைப் வைத்துத் தட்ட வேண்டும். வெளிவளையத்தில் சுத்தியலால் அடித்தால் அந்த அடி முழுக்கக் குண்டுகள் வழியாகப் பாதையில் இறங்கிக் கண்ணுக்குத் தெரியாத குழி விழும். அன்றைக்கு நன்றாகத்தான் சுற்றும். கொஞ்ச நாள் கழித்துக் கத்த ஆரம்பிக்கும். அப்போது "பேரிங் டூப்ளிகேட்" என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். சூடேற்றி மாட்டுவது உத்தமம். இண்டக்ஷன் ஹீட்டரில் 110 டிகிரி சுமாருக்கு வந்தால் தானாகவே வழுக்கிக்கொண்டு ஏறும். கேஸ் டார்ச் காட்டுவது வேண்டவே வேண்டாம்.

கிரீஸ் விஷயத்தில் தாராள மனசு கூடாது. உள்ளே இருக்கிற காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை போதும். நிரம்ப அடைத்தால் குண்டுகள் கிரீஸைக் கடைந்தே சூடாகும். ஒரு வகை கிரீஸ் மேல் இன்னொரு வகையை ஏற்றினாலும் இரண்டும் சேர்ந்து எண்ணெயாக ஒழுகிவிடலாம்.

மெக்கானிக்கல் நண்பர்கள் சிரிக்க வேண்டாம். உங்களுக்கும் பாடம் இருக்கிறது. மெக்கர் போடத் தெரியுமா? 415 வோல்ட் மோட்டாருக்கு 500 வோல்ட் மெக்கர். வேரியபிள் ஸ்பீட் டிரைவ் இருந்தால் அதிலிருந்து மோட்டார் கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் போட வேண்டும். இல்லையென்றால் மோட்டாரைச் சோதிக்கப் போய் அதைவிட விலை அதிகமான டிரைவைக் காலி பண்ணுவீர்கள். வைண்டிங் இன்சுலேஷனுக்கு வெப்பம்தான் எமன். அது தாங்கும் அளவுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது கணக்கு. ஆக, மோட்டாரின் விசிறி மூடியில் பஞ்சு அடைத்திருப்பதைத் துடைப்பது ஹெல்பர் வேலையில்லை, எலக்ட்ரிக்கல் வேலைதான். நூற்பாலைக்குப் போகிறவர்கள் இதை முதல் வாரத்திலேயே பார்ப்பீர்கள்.

அணைப்பது வேறு, பிரிப்பது வேறு

இதுவரை சொன்னதில் கோட்டை விட்டால் மோட்டார் போகும். இனிமேல் சொல்வதில் விட்டால் ஆள் போய்விடுவார். லேபில் இதைப் பத்து நிமிஷத்தில் சொல்லி முடித்துவிடுகிறார்கள் என்பது என்னுடைய வருத்தம்.

ஸ்டாப் பட்டன் அமுக்கியிருக்கிறது, மெஷின் நிற்கிறது. இதை நம்பிக் கையை உள்ளே விடக் கூடாது. ஸ்டாப் பட்டன் கான்டாக்டரின் காயிலைத்தான் விடுவிக்கிறது. பேனலில் சப்ளை அப்படியே நிற்கிறது. லெவல் சுவிட்ச் இறங்கினாலோ, பி.எல்.சி. வரிசையில் அடுத்த கட்டம் வந்தாலோ, வேறு இடத்தில் இருக்கிற இன்னொருவர் ஸ்டார்ட் பட்டனை அமுக்கினாலோ மெஷின் கிளம்பிவிடும். அதனால் மெயின் ஐசொலேட்டரைத் திறக்க வேண்டும், அதில் பூட்டுப் போட வேண்டும், சாவி வேலை செய்கிறவரின் பையில் இருக்க வேண்டும். சூப்பர்வைசர் மேஜை டிராயரில் இருக்கக் கூடாது. மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு. அமெரிக்காவில் 1989-ல் இதற்கென்றே தனி விதி போட்டு பூட்டையும் அட்டையையும் கட்டாயமாக்கினார்கள். நம்ம ஊர்ப் பழைய ஆட்கள் ஃப்யூஸ் கட்டையை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். மின்வாரியத்தில் லைன் கிளியர் வாங்காமல் கம்பத்தில் ஏறமாட்டார்கள். எண்ணம் ஒன்றுதான். ஆனால் பையில் ஃப்யூஸ் இருந்தாலும் ஸ்டோரில் இன்னொரு ஃப்யூஸ் இருக்கிறதே! பூட்டு அதைவிட நல்லது.

பூட்டியபின்னும் லைன் டெட் என்று நிரூபிக்க வேண்டும். முறை இது: டெஸ்டிங் கருவியை முதலில் உயிருள்ள ஒரு லைனில் வைத்து அது வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு நீங்கள் தொடப்போகிற இடத்தில், பேஸுக்கும் பேஸுக்கும் இடையிலும், ஒவ்வொரு பேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் பார்க்க வேண்டும். மறுபடி உயிருள்ள லைனில் வைத்து, கருவி நடுவில் செத்துப்போகவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். சட்டைப் பையில் பேனா மாதிரி சொருகியிருக்கிற நியான் டெஸ்டரை இதற்கு நம்பாதீர்கள். அது எரிந்தால் கரண்ட் இருக்கிறது. எரியாவிட்டால்? நியான் செத்திருக்கலாம், நீங்கள் ரப்பர் பாய் மேல் நிற்கலாம், வெளிச்சத்தில் தெரியாமல் இருக்கலாம்.

டிரைவ் பேனல்களில் இன்னொரு பொறி இருக்கிறது. வேரியபிள் ஸ்பீட் டிரைவுக்குள் ஏ.சி. முதலில் டி.சி. ஆகிறது. 415 வோல்ட் சப்ளையில் அந்த டி.சி. ஏறத்தாழ 580 வோல்ட். மெயினை அணைத்த பிறகும் கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். எத்தனை நிமிஷம் காத்திருக்க வேண்டும் என்று டிரைவின் மூடியிலேயே எழுதியிருப்பார்கள். சின்னதுக்கு 5 நிமிஷம், பெரியதுக்கு 15 நிமிஷம் என்று இருக்கும். காத்திருந்தபின் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். புரொடக்ஷன் மேனேஜர் பின்னால் நின்றுகொண்டு "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்பார். கேட்கட்டும்.

கரண்ட் மட்டுமா? நியூமாட்டிக் சிலிண்டரில் காற்று அடைந்திருக்கும். ஹைட்ராலிக் அக்யூமுலேட்டரில் அழுத்தம் இருக்கும். தூக்கி நிறுத்தியிருக்கிற பிரஸ் ஸ்லைடு கீழே வரத் துடித்துக்கொண்டிருக்கும். மின்சாரத்தை அணைத்ததும் வால்வு நிலை மாறி சிலிண்டர் தானே நகர்ந்த கதைகள் உண்டு. எலக்ட்ரிக்கல்காரர் கரண்டை மட்டும் பார்ப்பார், பிட்டர் காற்றை மட்டும் பார்ப்பார். இரண்டு பேரும் தன் பங்கைச் சரியாகச் செய்தும் நடுவில் ஒரு கை நசுங்கும். பிளாக் பிரித்துப் படிப்பதில் உள்ள உண்மையான நஷ்டம் இதுதான்.

இந்த இடத்தில் மாணவியருக்கு ஒரு வார்த்தை. 1948-ம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22-வது பிரிவு, ஓடிக்கொண்டிருக்கிற இயந்திரத்தைத் துடைக்கவும் எண்ணெய் போடவும் பெண்களையும் இளவயதினரையும் விடக் கூடாது என்று வைத்திருந்தது. அதன் நிழலிலேயே "பொம்பளைப் பிள்ளைக்கு மெயின்டெனன்ஸ் எதுக்கும்மா?" என்று கேட்டுப் பழகிவிட்டார்கள். ஓடுகிற மெஷினில் யார் கை போனாலும் நசுங்கும். நிறுத்திப் பூட்டிய மெஷினில் யார் வேண்டுமானாலும் வேலை செய்யலாம். பி.எல்.சி.-யில் எந்த இன்புட் வரவில்லை என்று கண்டுபிடிக்க மீசை எதற்கு?

பிரித்துப் போட்டால்தான் பராமரிப்பா?

மெயின்டெனன்ஸ் என்றால் உடைந்ததைச் சரிபண்ணுவது, உடைவதற்கு முன் தேதி போட்டு மாற்றுவது என்று இரண்டு வகை படித்திருக்கிறோம். தேதி போட்டு மாற்றுவது எப்போதும் நல்லது என்று நம்புகிறவர்கள் அதிகம். 1978-ல் அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நோலன், ஹீப் என்ற இருவர் விமான உறுப்புகள் எப்படிப் பழுதாகின்றன என்று ஓர் அறிக்கை கொடுத்தார்கள். வயசானதால் பழுதாகும் வகை வெறும் 11 சதவீதம்தான். 68 சதவீதம் உறுப்புகளில் புதிதாக மாட்டிய கொஞ்ச காலத்தில்தான் பழுது அதிகம், அப்புறம் அடங்கிவிடுகிறது. விமானத்தின் எண்ணை அப்படியே நம்ம பேட்டருக்கும் ரிங் ஃப்ரேமுக்கும் போட முடியாது. ஆனாலும் விஷயம் புரிகிறது. நன்றாக ஓடுகிற ஒன்றை அட்டவணையில் இருக்கிறதே என்று திறந்தால், அழுக்கும் தப்பான இறுக்கமும் உள்ளே போய்ப் புதுப் பழுதை நாமே வைத்து மூடுகிறோம்.

அதனால்தான் இப்போது பெரிய ஆலைகளில் திறக்காமலே பார்க்கிறார்கள். பேரிங்கில் வைப்ரேஷன் அளப்பது, எண்ணெயை லேபுக்கு அனுப்புவது, லூஸ் கனெக்ஷன் சூடாவதை தெர்மல் கேமராவில் பார்ப்பது. இவற்றில் ஒன்றைக் கற்றுக்கொண்டால் தனி மரியாதை. பி.எல்.சி.-யைப் பற்றியும் பயம் வேண்டாம். ஓடிக்கொண்டிருந்த மெஷின் திடீரென்று நின்றால் புரோகிராம் தானாக மாறியிருக்காது. இன்புட் விளக்குகளைப் பாருங்கள். பெரும்பாலும் ஏதாவது ஒரு லிமிட் சுவிட்சோ பிராக்ஸிமிட்டி சென்சாரோ அழுக்கேறியோ இடம் நகர்ந்தோ இருக்கும். லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் துணி எடுத்துத் துடையுங்கள்.

எங்கே கற்றுக்கொள்வது?

மூன்றரை வருஷ சாண்ட்விச் கோர்ஸ் படிக்கிறவர்கள் படிக்கும்போதே ஆலைக்குள் போய் வந்துவிடுகிறார்கள், அவர்களுக்கு இது பாதி தெரிந்த கதை. மற்றவர்களுக்கு அப்ரண்டிஸ் பயிற்சிதான் வாசல். 1961-ம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டத்தில் முதலில் ஐ.டி.ஐ. தொழில்கள்தான் இருந்தன. 1973-ல் செய்த திருத்தத்தில் டிப்ளமோ, டிகிரி முடித்தவர்களும் சேர்ந்தார்கள். நமக்கு ஒரு வருஷப் பயிற்சி. தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது.

அப்ரண்டிஸ் என்று எடுத்துக்கொண்டு ஒரே இடத்தில் வருஷம் முழுக்க உட்காரவைக்கிற கம்பெனிகளும் உண்டு. ஸ்டோரில் நட்டு எண்ணியே ஒரு வருஷம் ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். சேர்ந்த முதல் வாரமே பயிற்சி அட்டவணை கேளுங்கள். நீங்கள் டிரிபிள்-ஈ என்றால், "சார், ரெண்டு மாசம் மெக்கானிக்கல் பிட்டரோட போறேன்" என்று நீங்களே கேளுங்கள். மெக்கானிக்கல் என்றால் பேனல் ரூமில் இரண்டு மாதம். எந்த போர்மேனும் இதற்கு மறுக்கமாட்டார், ஓசியில் ஒரு கை கிடைக்கிறதே! கூட வேலை செய்கிறவர் எட்டாவது படித்துவிட்டு இருபது வருஷம் ஷிப்ட் பார்த்தவராக இருப்பார். அவரை "அண்ணே" என்று கூப்பிட்டுக் கேட்டால், எந்த மேனுவலிலும் இல்லாததைச் சொல்லித்தருவார். ஐ.டி.ஐ.-யில் மெஷின் டூல் மெயின்டெனன்ஸ் மெக்கானிக் படித்துவிட்டு வருகிறவர்களோடும் சேர்ந்து பழகுங்கள். ஸ்கிரேப்பிங், அலைன்மென்ட் எல்லாம் நம்மைவிட அவர்களுக்குக் கை வந்த கலை.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, மெஷின், என்ன அறிகுறி, எதையெல்லாம் பார்த்தேன், என்ன கண்டேன், என்ன மாற்றினேன், திரும்ப ஓட்டியபோது மூன்று பேஸ் கரண்ட் எவ்வளவு. கடைசி விஷயத்தை யாரும் எழுதுவதில்லை. நன்றாக ஓடும்போது எவ்வளவு எடுத்தது என்று தெரிந்தால்தான் அடுத்த தடவை நிற்கும்போது ஒப்பிட முடியும். இன்டர்வியூவில் இந்த நோட்டை மேஜை மேல் வைத்துப் பாருங்கள், கேள்விகள் எல்லாம் அதிலிருந்தே வரும்.

எலக்ட்ரிக்கல் பக்கம் நிலைக்க வேண்டுமானால் லைசென்ஸையும் மறக்கக் கூடாது. தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் வயர்மேனுக்கும் சூப்பர்வைசருக்கும் தகுதிச் சான்றிதழ் கொடுக்கிறது. டிப்ளமோவும் வேலை அனுபவமும் இருந்தால் சூப்பர்வைசர் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு அனுபவச் சான்று கேட்பார்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எவ்வளவு வோல்டேஜில், என்னென்ன வேலை என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும். பயிற்சி முடித்துக் கிளம்புகிற அன்றைக்கே அதை வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் கையெழுத்துப் போட வேண்டிய சார் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார், செக்யூரிட்டி கேட்டைத் தாண்டவே அரை நாள் ஆகும்.